புற்றுநோயாளியின் தேவைகளும் பங்கு மக்களின் கடமையும்

(யூபிலி விழாவின் நோயாளர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவை கொடியேற்றமும் சப்பரமும் வண்ண விளக்கும் வாணவேடிக்கையுமே. அவை இருக்கட்டும். மகிழ்ச்சியை வெளியே காட்டுவதில் தவறில்லை. ஆனால் யூபிலி என்ற சொல்லை நமக்குத் தந்த லேவியர் ஆகமத்தைத் திறந்து பார்த்தால், அங்கே விளக்கும் இல்லை, வேடிக்கையும் இல்லை. 50-ஆம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் நிலத்தை இழந்தவன் தன் காணிக்குத் திரும்ப வேண்டும். விற்கப்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும் என்றே அங்கே காண்கிறோம். யூபிலி என்பது வீடு திரும்பும் ஆண்டு.

வீடு திரும்பியவர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அவர் மதுரையிலிருந்தோ, திருநெல்வேலியிலிருந்தோ, திருவனந்தபுரத்திலிருந்தோ, சென்னை அடையாற்றிலிருந்தோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும். பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். அதன்பின் அவருக்கு என்ன ஆகிறது? இதுவே நம் கேள்வி.

இது ஏதோ சிலருடைய காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. உலகளாவிய கணக்கெடுப்பின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 14 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது; 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்நோய் எட்டிப் பார்க்காத தெரு அரிது. மில்லில் நூல் நூற்றவரும், தறி ஓட்டியவரும், தீப்பெட்டி ஒட்டியவரும், பள்ளியில் பாடம் சொன்னவரும் இதில் தப்பவில்லை.

சிகிச்சை ஓரிடம், வாழ்க்கை ஓரிடம்

முதலில் நன்றி சொல்ல வேண்டியவற்றுக்கு நன்றி சொல்லுவோம். தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார், தாம் எடுத்த முயற்சியைக் கைவிடாமல் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்து உழைத்த டாக்டர் சாந்தாவும் ஏழைக்கும் அந்த வாசல் திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 1981-இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் எழுந்தது. செங்கோட்டை, புனலூர் வழியாக நம் பக்கத்து மக்கள் ஏராளமானோர் அங்கே போய் வருகிறார்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. 2022 சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஏழைக் குடும்பங்களுக்கு அறுவைக்கும் மருந்துக்கும் பெருந்துணையாய் இருக்கிறது.

ஆயினும் அன்பர்களே, நோய்க்குச் சிகிச்சை நடப்பது மதுரையில். நோயோடு வாழ்வது நம் தெருவில். மருத்துவர் கட்டியைப் பார்க்கிறார். அதுவே அவர் கடமை. கட்டியைச் சுமந்திருக்கும் மனிதரை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியை மருத்துவ உலகமே கேட்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் புற்றுநோயாளிகளிடம் கேட்பதற்கென ஒரு வினாத்தாளை வகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அது "உமக்கு என்ன நோய்?" என்று கேட்பதில்லை. "கடந்த ஒரு மாதத்தில் உமக்கு எந்தெந்த உதவி தேவைப்பட்டது? அது கிடைத்ததா, கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறது. உடலின் தேவை, மனத்தின் தேவை, நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளும் தேவை, பராமரிப்பவரின் பரிவு, இல்லற வாழ்வின் தேவை என அது ஐந்து வகையாய்ப் பிரிக்கிறது. அதே கேள்வியை நம் ஊரில் கேட்டால் என்ன விடை வரும் என்று பார்ப்போம்.

உடலின் வேதனை

முதலாவது வலி. முற்றிய புற்றுநோயின் வலி எத்தகையது என்பதை அந்த வீட்டில் ஓர் இரவு விழித்திருந்தவர்கள் அறிவார்கள். இந்த வலியைப் பெரும்பாலும் அடக்க முடியும் என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே இதற்கு வழிமுறை வகுத்துத் தந்தது. சிறு வலிக்குச் சாதாரண மாத்திரை, அதற்கு மேற்பட்டதற்கு அதற்கேற்ற மருந்து, கடும் வலிக்கு மார்ஃபின். வலி வந்தபின் கொடுப்பதல்ல முறை. வலி வருமுன்பே கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் கொடுப்பதே முறை.

மார்ஃபின் என்றதும் நம்மவர்க்கு அச்சம். "போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே, உயிரை எடுத்துவிடுமே" என்கிறார்கள். மருத்துவர் அளவறிந்து வலிக்காகக் கொடுக்கும்போது இந்த அச்சங்களுக்கு இடமில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1985-இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் இந்த மருந்து நோயாளிக்குக் கிடைப்பதே அரிதாயிற்று; 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ நிலையங்கள் வைத்துக்கொள்ள வழி எளிதாக்கப்பட்டது. எனவே வலி தாங்க முடியாதவர் வீட்டார், "மார்ஃபின் எங்கே கிடைக்கும்?" என்று மருத்துவரிடம் வாய் திறந்து கேட்கத் தயங்க வேண்டாம்.

இங்கே ஒரு தவறான பக்தியையும் களைந்தாக வேண்டும். "ஆண்டவர் சிலுவையில் பட்டார், நீயும் பொறுத்துக்கொள், வலிக்கு மருந்து கேட்பது விசுவாசக் குறைவு" என்று நோயாளியிடம் சொல்லுவோர் உண்டு. இது திருச்சபையின் போதனை அன்று. 1957 பிப்ரவரி 24-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், மயக்க மருந்து வல்லுநர்களின் வினாக்களுக்கு விடையளிக்கையில், வலியைத் தணிக்க மருந்து ஏற்பது கிறிஸ்தவனுக்குத் தகும் என்றும், வலியைத் தணிப்பதே நோக்கமாயிருந்து வேறு வழியும் இல்லாதபோது அம்மருந்தால் ஆயுள் சற்றுக் குறையுமாயினும் அது தகும் என்றும் தெளிவாக்கினார். நம் மறைக்கல்வி நூலும் இதையே கற்பிக்கிறது. கெத்சமனியில் நம் ஆண்டவரே அந்தத் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு மன்றாடினார் அன்றோ! தன் துன்பத்தை ஒப்புக்கொடுப்பது நோயாளியின் உரிமை. அடுத்தவன் துன்பத்தை ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

வலியோடு புண்ணும் உண்டு. மார்பிலோ கன்னத்திலோ புற்று உடைத்துவிட்டால் சீழ் வடிகிறது, நாற்றம் எழுகிறது. அந்த நாற்றத்துக்காகவே நோயாளியை வீட்டின் பின்கட்டில் ஒதுக்கிவிடுவதும், பேரப்பிள்ளைகள் கிட்டே வராமல் போவதும் உண்டு. நோயைவிட இது அவரைக் கொல்லுகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினால் நாற்றம் வெகுவாய்க் குறையும் என்பது இத்துறை மருத்துவர்கள் நன்கறிந்த முறை. மருத்துவரைக் கேட்டு, செவிலியரிடம் கட்டுப்போடக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி கடல் கடந்து போகிறது. உலகத்தின் புண்ணுக்கெல்லாம் துணி நெய்கிற ஊர்ப்பக்கத்தில், பக்கத்து வீட்டுப் புண்ணுக்குத் துணி மாற்ற ஆள் இல்லை என்றால் அது நமக்கு அழகாகுமா?

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பால்கோவா வாங்கிப் போகிறார். அன்பு நல்லதே. ஆனால் கதிர் பட்ட வாய் புண்ணாயிருக்கும், உமிழ்நீர் வற்றியிருக்கும், ருசி தெரியாது. "ஒரு வாயாவது சாப்பிடு" என்று வற்புறுத்தும்போது அவர் கண்ணீர் விடுகிறார். எது இறங்கும் என்று கேட்டு, ஆறிய கஞ்சியோ மோரோ இளநீரோ, சிறிது சிறிதாய்க் கொடுப்பதே உபசாரம்.

அறியும் தேவையும் பேசும் தேவையும்

இரண்டாவது, தனக்கு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளும் தேவை. "சாமி, அப்பாவுக்கு இன்ன நோய்னு தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க" என்று வாசற்படியிலேயே நம் கையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அது பாசத்தால் எழுவது. அதை நாம் இகழவில்லை. ஆனால் உள்ளே போனால், அப்பா நம்மிடம் கேட்கிறார்: "சாமி, எனக்கு வந்திருப்பது அதுதானே? பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்கள்." ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாய் எண்ணி இரு தரப்பும் ஊமையாகிவிடுகிறார்கள். சொத்தை எழுத வேண்டும், மகள் திருமணத்தைப் பேச வேண்டும், பிணக்கிலிருக்கும் தம்பியோடு ஒப்புரவாக வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் காலம் வேண்டும். அந்தக் காலத்தை அவரிடமிருந்து மறைப்பது நியாயமாகாது.

இதற்காக முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லலாம். கேட்கும்போது பொய் சொல்லாமல் இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம். நம் பங்கிலே படித்த பிள்ளைகள், செவிலியர், ஆசிரியர் பலர் இருக்கிறார்கள். மருத்துவமனைத் தாளில் எழுதியிருப்பதை எளிய தமிழில் விளக்கிச் சொல்லுவதும் பெரிய தருமமே.

பார்க்கப் போகிறவர்களுக்கு யோபின் நண்பர்கள் நல்ல பாடம். நண்பனின் நிலையைக் கேள்விப்பட்டு வந்து, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று காரணம் சொல்லப் புகுந்த பிறகே குற்றவாளிகள் ஆனார்கள். "எந்தப் பாவமோ", "யார் விட்ட சாபமோ", "இன்னாருக்கும் இப்படித்தான் வந்து மூன்று மாதத்தில் போய்விட்டார்" போன்ற பேச்சுகள் நம் பங்கிலிருந்து ஒழிய வேண்டும். புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்வதும் அன்று. அவருடைய தம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

சிகிச்சையால் தலைமுடி கொட்டிய பெண், மார்பை இழந்த பெண், திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். "எல்லாரும் பார்ப்பார்களே" என்கிறார். அவருடைய கணவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். நோயிலும் நலத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு, இந்த நாளுக்காகவே கொடுத்த வாக்கு. அவளைத் தனி அறையில் விடாமல் முன்போல் அருகிருந்து பேசுவதும், சேர்ந்து கோயிலுக்கு அழைத்து வருவதும் எந்த மருந்தும் செய்யாததைச் செய்யும்.

வழிச்செலவும் கடனும்

மூன்றாவது, பணத்தின் தேவை. மருத்துவம் இலவசம், ஆனால் மருத்துவத்துக்குப் போய்ச் சேருவது இலவசம் அன்று. கதிர்ச் சிகிச்சை என்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக, ஐந்து ஆறு வாரங்கள் நடப்பது. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போய்வர ஏறத்தாழ 170 கிலோமீட்டர். 30 நாளைக்கு 5,100 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து காசுமீருக்குப் போகும் தொலைவைவிட அதிகம். புண்பட்ட உடம்போடு, பேருந்துக் குலுக்கலில், துணைக்கு ஓர் ஆளோடு போக வேண்டும். நோயாளிக்குக் கூலி இல்லை, துணை போகிறவருக்கும் கூலி இல்லை. மதுரையிலேயே தங்கலாம் என்றால் அறை வாடகை. இரண்டாவது மாதம் காதுத் தோடு அடகுக்குப் போகிறது. மூன்றாவது மாதம் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். சிலர் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்குக் காரணம் நோயின் கடுமை அன்று, வழிச்செலவே.

உரிமையாய்க் கிடைக்கக்கூடியவற்றைக்கூட அறியாமையால் இழக்கிறோம். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் மில் தொழிலாளி, இரண்டு ஆண்டு பணியும் உரிய சந்தாவும் இருந்தால், புற்றுநோய் போன்ற நெடுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை பெற வழி உண்டு. அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை அது நீளும். இரயில்வேயில், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பில் கட்டணமே இல்லை. துணை போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். அடையாற்றுக்குப் போகிறவர்களுக்கு நம் இரு ஊர்களிலும் நிற்கும் பொதிகை வண்டி இருக்கிறது. காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க, ஓர் அலுவலகத்துக்கு மூன்று நடை நடக்க, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்பும். யூபிலி ஆண்டில் ஒருவனைக் கடனிலிருந்து விடுவிப்பது இதுவன்றி வேறென்ன?

ஆத்துமத்தின் தேவை

நான்காவது, ஆன்மாவின் பசி. "எனக்கு ஏன் இப்படி?" "நான் போனபின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" "கடவுள் என்னை மறந்தாரா?" இவற்றுக்கு மாத்திரை இல்லை. இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் செவிலியாகவும் பின்பு மருத்துவராகவும் உழைத்தவர். அயர்லாந்து அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் சாவை நெருங்கியவர்களோடு பல ஆண்டுகள் இருந்தார். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கின் வேதனையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கிறது என்று கண்டார். அந்த முழு வேதனைக்கும் சேர்த்து மருந்திடவே 1967-இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். 1986-இல் மும்பையில் டாக்டர் டி சூசா தொடங்கிய சாந்தி அவேத்னா சதன், நம் நாட்டில் அவ்வகை இல்லங்களுக்கு முன்னோடி.

நம் திருச்சபையிலே இதற்கென ஓர் அருட்சாதனமே இருக்கிறது. ஆனால் அதற்கு நாம் அஞ்சுகிறோம்! முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். சாமியார் எண்ணெயோடு வந்தால் உயிர் போய்விடும் என்று எண்ணி, நினைவு தப்பியபின் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் திருத்தியது. இது நோயில்பூசுதல், சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறத்தக்கது. பெரிய அறுவைக்கு முன் பெறலாம். நோய் மீண்டும் கடுமையானால் திரும்பவும் பெறலாம். புனித யாகப்பர் தம் நிருபத்தில் சபையின் மூப்பரை அழைக்கச் சொல்வது நோயாளி தானே அழைப்பதற்காக. பிணத்தருகே பிறர் அழைப்பதற்காக அன்று.

நற்கருணையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிக்கும் அவரைப் பராமரிக்கிறவர்க்கும் உட்கொள்ளுமுன் ஒருமணி நேர உபவாசக் கட்டாயம் இல்லை. வாயிலோ தொண்டையிலோ புற்று வந்து அப்பத்தை விழுங்க முடியாதவர், திரு இரத்தத்தை மட்டும் சில துளி உட்கொள்ளலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. அதிலும் ஆண்டவர் முழுமையாய் இருக்கிறார். "விழுங்க முடியாததால் ஆண்டவரை வாங்க முடியவில்லையே" என்று எந்த வீட்டிலும் எவரும் அழ வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், வருவோம்.

பராமரிப்பவரை மறவாதிருப்போம்

ஐந்தாவதாக, நோயாளியின் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். பெரும்பாலும் மனைவி, அல்லது மருமகள், அல்லது படிப்பை நிறுத்திய மூத்த மகள். அவளுக்கு உறக்கம் இல்லை, ஞாயிறு இல்லை, நல்ல நாள் பெரிய நாள் இல்லை. எல்லாரும் "அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறார்கள், "நீ எப்படி இருக்கிறாய், தாயி?" என்று கேட்பார் இல்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், "நீ கோயிலுக்குப் போய் வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று இரண்டு பேர் போய் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்கு அதுவே உயிர்ப்பு ஞாயிறு.

நம்மால் ஆகுமா?

"சாமி, இதெல்லாம் பெரிய மருத்துவமனைகள் செய்ய வேண்டியது, நம்மால் ஆகுமா?" என்று கேட்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் அவருடைய தோழர்களும் ஒரு சிறு சங்கமாய்த் தொடங்கினார்கள். பின்பு மலப்புரம் முதலிய மாவட்டங்களில், ஊர்மக்களே பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, தத்தம் தெருவின் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடாய் அது வளர்ந்தது. செலவுக்குச் சிறு சிறு காணிக்கைகளே ஆதாரம். 2008-இல் கேரள அரசு அதையே தன் கொள்கையாக ஏற்றது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ போய்க் கேட்டுப் பெயரைப் பதிய வைப்பது நம் வேலை.

இருந்தும் உலகெங்கும் இவ்வகை ஆதரவு தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீதியுள்ள 86 பேர் எங்கே? அவர்கள் நம் பின்கட்டு அறைகளில் இருக்கிறார்கள்.

எனவே இந்த யூபிலியின் நினைவாகச் சில காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் நெடுநோயில் இருப்போர் யார் யார் என்று அறிந்து வரட்டும்; அவர் எந்தச் சமயத்தவர், எந்தச் சாதியார் என்று கேட்க வேண்டாம். ஆனால் வீட்டார் விரும்பாவிடில் அவர் பெயர் வெளியே வரவும் வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபையார் வழிச்செலவுக்கென ஒரு நிதியைத் தனியே வைக்கட்டும். மரியாயின் சேனையார் வாரம் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் அமரட்டும். செவிலியர் பயிற்சி பெற்ற நம் பெண்கள், புண்ணுக்குக் கட்டுப்போடவும் படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் மற்றவர்க்குக் கற்றுத் தரட்டும். இளைஞர்கள் படிவங்களை நிரப்பித் தரட்டும்; வண்டி வைத்திருப்போர் இரயிலடிக்கும் பேருந்து நிலையத்துக்கும் கொண்டு விடட்டும். விழாவின் கடைசி நாள் வாணவேடிக்கைக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை இந்த நிதியின் முதல் காணிக்கையாக்கலாமா என்பதைப் பங்குப் பேரவை தீர்மானிக்கட்டும். நாம் கட்டளையிடவில்லை, கேட்டுக்கொள்கிறோம்.

நல்ல சமாரியனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். அவன் செய்தவற்றை இன்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். புண்ணில் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான். அது உடலின் தேவை. தன் வாகனத்தில் ஏற்றினான், அது வழிச்செலவு. சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு தானே கவனித்தான். அது தங்குமிடமும் பராமரிப்பும். இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தான். அது மருந்துச் செலவு. போகும்போது, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அடிபட்டவன் பிழைத்தானா என்று ஆண்டவர் நமக்குச் சொல்லவில்லை. பிழைத்தால்தான் அந்த அன்பு பயனுடையது என்பதில்லை என்று கற்பிக்கவே அதைச் சொல்லாமல் விட்டார் போலும். சமாரியன் அவனுக்கு அயலானாய் இருந்தான். அவ்வளவே நம்மிடம் கேட்கப்படுவது.

நோயுற்ற அன்புச் சகோதர சகோதரிகளே, நீங்கள் இந்தப் பங்குக்குப் பாரம் அல்ல. உங்களைப் பார்க்க வருகிறவர்கள் உங்களுக்குத் தருவதைவிட உங்களிடமிருந்து பெற்றுச் செல்வதே அதிகம். வலி இருந்தால் சொல்லுங்கள். அச்சம் இருந்தால் சொல்லுங்கள். பேசப் பிடிக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். வாய் திறந்து கேட்பது வெட்கம் அன்று. நீங்கள் கேட்டால்தான் நாங்கள் கிறிஸ்தவர்களாக இருக்க முடியும்.

நோயாளரின் ஆரோக்கியமான அன்னை மரியாளும், புற்றுநோயாளரின் பாதுகாவலராகப் போற்றப்படும் புனித பெரெகிரினும் நமக்காக மன்றாடுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் நோயுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் நம் பங்கையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.